மலை நகரத்துக் கவுன்சிலரின் கையில் இருப்பது என்ன?

உதகையிலும் கொடைக்கானலிலும் அண்மை ஆண்டுகளில் ஒரே வகையான குழப்பம் திரும்பத் திரும்ப எழுகிறது. மலைக்கு வரும் வாகனங்களுக்கான இணையவழி நுழைவு அனுமதியான இ-பாஸ் கட்டுப்பாட்டால் வியாபாரம் படுத்துவிட்டது என்று கடைக்காரர்கள் வார்டு கவுன்சிலரிடம் முறையிடுகிறார்கள். வீட்டின் மேல் இன்னொரு தளம் எழுப்ப அனுமதி வாங்கித் தரும்படி அவரிடமே மனு கொடுக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் இங்கே செலவிடும் பணம் ஊருக்கு ஏன் வந்து சேரவில்லை என்று அவரையே கேட்கிறார்கள். மூன்றுக்கும் கிடைப்பது பெரும்பாலும் "அது எங்கள் கையில் இல்லை" என்ற பதில்தான்.

இந்த மூன்று விஷயங்களிலும் அந்தப் பதில் ஏறக்குறைய முழு உண்மை. குடிநீர், குப்பை ஆகியவற்றுக்கும் அதே பதில் சொல்லப்படும்போது அது உண்மையல்ல; கடை வாடகையில் பாதி உண்மை. எது எந்த வகை என்று பிரித்தறிய, மலை நகரத்தில் ஒருவர் உள்ளூர் அரசியலுக்குள் எப்படி வருகிறார், எவ்வளவு தூரம் போக முடிகிறது, எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்க வேண்டும்.

மன்றம், தலைவர், ஆணையர்

உதகையும் குன்னூரும் 1866-இலும், கொடைக்கானல் 1899-இலும் நகராட்சிகளாயின. எனினும் இன்றைய உள்ளாட்சி அரசியலின் சட்ட அடித்தளம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம்தான். நகர்ப்புற உள்ளாட்சிக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம், மாநிலத் தேர்தல் ஆணையம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளையும் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியலிட்டது. ஒப்படைப்பதா வேண்டாமா என்ற முடிவை மட்டும் மாநிலங்களிடமே விட்டது. உள்ளாட்சியின் பலவீனம் பெரும்பாலும் இந்த ஓர் இடத்திலிருந்தே தொடங்குகிறது.

நகராட்சிக்குள் அதிகாரம் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது:

1. நகர்மன்றம். வார்டுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் கூட்டம். தீர்மானம் நிறைவேற்றுவது, வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, ஒப்பந்தங்களை ஏற்பது ஆகியவை இதன் வேலை.

2. தலைவர், அதாவது சேர்மன். மன்றக் கூட்டத்தை நடத்துகிறார். எந்தப் பொருள் விவாதத்துக்கு வருகிறது என்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

3. ஆணையர். மாநில அரசு நியமிக்கும் அதிகாரி. கோப்புகளும் ஊழியர்களும் அவர் பொறுப்பில் இருக்கிறார்கள். உரிமம், நோட்டீஸ், முத்திரையிடுதல் என்று கையெழுத்திட்டுச் செய்யும் வேலைகளெல்லாம் அவர் வழியே நடக்கின்றன.

கவுன்சிலர் தனியாளாக எந்த ஆணையும் பிறப்பிக்க முடியாது. கேட்கலாம், பரிந்துரைக்கலாம், மன்றத்தில் எதிர்க்கலாம், வெளிநடப்புச் செய்யலாம். 2023-இல் தமிழக அரசு அறிவித்த மதிப்பூதியத்தின்படி நகராட்சித் தலைவருக்கு மாதம் 15,000 ரூபாய், துணைத் தலைவருக்கு 10,000, உறுப்பினருக்கு 5,000. ஆகவே பதவியில் இருப்பவர் தம் தொழிலையும் விடாமல் நடத்த வேண்டியிருக்கிறது. நகராட்சியோடு ஒப்பந்த உறவு இருந்தால் உறுப்பினர் தகுதியை இழப்பார் என்று சட்டம் சொல்வதால், அந்தத் தொழில் நகராட்சி ஒப்பந்தமாக இருக்க முடியாது. உறவினர் பெயரில் நடக்கும் ஒப்பந்தங்களைப் பற்றிய பேச்சு எல்லா ஊர்களிலும் இருப்பதற்குக் காரணமும் இதுவே.

ஒரு வார்டு எவ்வளவு சிறியது

2011 கணக்கெடுப்பின்படி உதகையின் மக்கள்தொகை 88,430, வார்டுகள் 36. குன்னூரில் 45,494 பேருக்கு 30 வார்டுகள். கொடைக்கானலில் 36,501 பேருக்கு 24. சராசரியாக உதகையில் ஒரு வார்டுக்கு ஏறத்தாழ 2,450 பேர். குன்னூரிலும் கொடைக்கானலிலும் 1,500 பேர்தான். குழந்தைகளையும் வாக்குச்சாவடிக்கு வராதவர்களையும் கழித்தால் சில நூறு வாக்குகள் மிஞ்சும். நான்கைந்து வேட்பாளர்கள் நிற்கும் வார்டில் ஒரு பெரிய குடும்பத்தின் மனத்தாங்கலோ, ஒரு தெருவுக்கு இரண்டு வாரம் தண்ணீர் வராததோ முடிவை மாற்றிவிடும்.

இந்த அளவில் கட்சிச் சின்னத்தைவிட ஆளின் முகம் எடுபடுகிறது. அந்த முகம் எங்கே உருவாகிறது என்பது மலையில் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் படகர் ஊர்களான ஹட்டிகளின் ஊர்க் கூட்டத்தில் பேசிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். கூடலூர், நெல்லியாளம் பகுதியில் தோட்டத் தொழிற்சங்கமும், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் அமைப்புகளும் பல தலைவர்களை வளர்த்தன. உதகையில் மார்க்கெட் வியாபாரிகள் சங்கமும் காந்தல் போன்ற நெருக்கமான குடியிருப்புகளும் அந்த வேலையைச் செய்கின்றன. கொடைக்கானலில் மூஞ்சிக்கல், நாயுடுபுரம், ஆனந்தகிரி என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு.

மலை வார்டில் செய்யும் வேலையும் சமவெளியிலிருந்து மாறுபட்டது. இங்கே ஒரு கவுன்சிலரின் பெயரை நிலைநிறுத்துவது பெரும்பாலும் தடுப்புச் சுவர். அடுத்தபடியாக நடைபாதைப் படிகள், மழைநீர்க் கால்வாய், தெருவிளக்கு. 2009 நவம்பர் மழையில் நீலகிரியின் பல இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மண்சுவரைப் பற்றிய அச்சம் மலைவாசிகளிடம் நிரந்தரமாகிவிட்டது. வார்டு நிதியில் சுவர் கட்டித் தருபவர் அடுத்த முறையும் நிற்கலாம். சுவர் வராத தெருவில் அவர் எவ்வளவு சொல்வன்மை உடையவராக இருந்தும் பயனில்லை.

சேர்மன் நாற்காலிக்கு யார் வாக்களிக்கிறார்கள்

வார்டிலிருந்து அடுத்த படி தலைவர் பதவி. வாக்காளர் குழம்புவதற்கு இங்கே நியாயமான காரணம் உண்டு, ஏனெனில் விதி பலமுறை மாறியிருக்கிறது. 1996-லும் 2001-லும் மக்கள் நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் மீண்டும் நேரடித் தேர்தல். 2016-இல் மறைமுகத் தேர்தலுக்குச் சட்டம் திருத்தப்பட்டது. 2018-இல் நேரடித் தேர்தலுக்குத் திருப்பப்பட்டது. 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் மறுபடி மறைமுகமாயிற்று. 2016-க்கும் 2019-க்கும் இடையே நகர்ப்புறத் தேர்தலே நடக்கவில்லை என்பதால், நடுவில் வந்த விதிகளின்படி ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

இரண்டு முறைகளும் இரண்டு வகைத் தலைவர்களை உண்டாக்குகின்றன. நேரடியாக வென்றவருக்கு ஊர் முழுதும் ஆதரவு உண்டு. மன்றத்தில் பெரும்பான்மை இல்லாமல் போகலாம். மறைமுகமாக வந்தவருக்குப் பெரும்பான்மை உண்டு. அது எந்த வாரமும் கலையலாம். நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்பது பின்னவரின் தலைக்குமேல் எப்போதும் தொங்குகிறது. தலைவரைப் பற்றிச் செய்தியில் அடிக்கடி வரும் "அதிருப்தி கவுன்சிலர்கள்" பெரும்பாலும் எதிர்க்கட்சியினர் அல்லர், சொந்தக் கட்சியினரே. 2022 மார்ச் 4 அன்று தமிழகம் முழுவதும் மறைமுகத் தேர்தல் நடந்தபோது, கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கப்பட்ட சில இடங்களில் அன்றைய ஆளுங்கட்சியான தி.மு.க.வின் கவுன்சிலர்களே போட்டியிட்டு வென்றதும், அவர்கள் பதவி விலக வேண்டும் என்று கட்சித் தலைவரும் அப்போதைய முதலமைச்சருமான மு.க. ஸ்டாலின் வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்ததும் இந்த முறையின் இயல்பைக் காட்டுகின்றன. ஊர் வாக்காளருக்கு அந்த மோதலில் எந்த இடமும் இல்லை.

இதனோடு சுழற்சி இட ஒதுக்கீடும் சேர்கிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடம் ஒதுக்கப்படுகிறது. பெண்களுக்கு அரசியலமைப்பு மூன்றில் ஒரு பங்கு கேட்கிறது. தமிழகம் 2016-இல் அதைப் பாதியாக்கியது. வார்டும் தலைவர் பதவியும் ஒரு தேர்தலில் பொதுவாகவும் இன்னொன்றில் ஒதுக்கீட்டிலும் வரலாம். பல ஆண்டுகள் வார்டில் வேலை செய்தவர் ஒரே அரசாணையில் அங்கு நிற்கும் தகுதியை இழக்கிறார் என்பது அவருக்கு இழப்புத்தான். ஆனால் இந்த ஏற்பாடு இல்லாமல், 2022-இல் நெல்லியாளம் நகராட்சியின் தலைவராகப் பழங்குடிப் பெண் ஒருவர் அமர்ந்திருப்பார் என்று நம்புவதற்கு மலையின் அரசியல் வரலாறு இடம் தரவில்லை. ஒதுக்கீட்டு வார்டில் மனைவியை நிறுத்திவிட்டு மன்ற வாசல்வரை கணவரே வந்து பேசும் வழக்கம் வேறு கதை; அதைச் சட்டம் ஏற்கவில்லை, ஊர்கள் ஏற்றுக்கொள்கின்றன.

மலையில் மட்டும் உள்ள வேலிகள்

மன்றத்தையும் தலைவர் பதவியையும் பற்றி இதுவரை சொன்னது தமிழகத்தின் எந்த நகராட்சிக்கும் பொருந்தும். மலை நகரங்களில் கூடுதலாக நான்கு வேலிகள் உண்டு.

1. கட்டட அனுமதி. சமவெளி நகராட்சியில் கட்டட அனுமதி உள்ளூர்ச் செல்வாக்கின் முதல் ஊற்று. மலையில் 1990-இல் மலைப் பகுதிப் பாதுகாப்புக் குழுமம், பேச்சு வழக்கில் ஹாக்கா, ஏற்படுத்தப்பட்டது. 1993-இல் வந்த மலை நகரக் கட்டட விதிகள் உயரத்தை 7 மீட்டருக்குள் கட்டின. உதகையில் நெடுங்காலம் இருந்த ஏற்பாட்டின்படி 1,500 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்குத்தான் நகராட்சி அளவில் அனுமதி. அதற்கு மேற்பட்டவை உயர்மட்டக் குழுக்களுக்குப் போயின. சரிவு, வன எல்லை, நீர்நிலை என்று ஒவ்வொன்றுக்கும் தனித் துறைகளின் கருத்து வேண்டும். விண்ணப்பதாரர் பார்ப்பது நகராட்சி அலுவலகத்தை மட்டும்தான் என்பதால், தாமதத்தின் பழி கவுன்சிலர்மேல் விழுகிறது. விதியைத் தளர்த்தும் அதிகாரமும் ஊரில் இல்லை. கொடைக்கானல் ப்ளசண்ட் ஸ்டே விடுதிக்குக் கூடுதல் தளங்களை அனுமதித்தது சென்னையிலிருந்து வந்த அரசாணை; அதை ரத்து செய்ததும் சென்னை உயர் நீதிமன்றம். 2000-இல் அந்த வழக்கில் முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டதும், 2001-இல் உயர் நீதிமன்றம் விடுவித்ததும் மாநில அரசியலாயின. அந்தக் கட்டடம் நின்ற ஊரின் நகர்மன்றம் அந்தக் கதையில் ஓரத்தில்தான் இருந்தது.

2. சுற்றுலா வருவாய். உதகை அரசு தாவரவியல் பூங்காவும் மே மாத மலர்க் கண்காட்சியும் தோட்டக்கலைத் துறையிடம் உள்ளன. படகு இல்லம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம். நுழைவுச் சீட்டுப் பணம் அங்கே போகிறது. பயணிகள் விட்டுச்செல்லும் குப்பையும், அவர்கள் தங்கும் விடுதிகளின் கழிவுநீரும் நகராட்சியிடம் வருகின்றன. தேநீர்க் கடைகளில் பேசப்படும் எல்லாக் குறைகளிலும் மிக நியாயமானது இதுதான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

3. நீதிமன்ற ஆணைகள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால். 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உச்சவரம்பு விதித்ததும் அந்த நீதிமன்றமே. நடைமுறைப்படுத்துபவர் மாவட்ட ஆட்சியர். டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கியதும் நீதிமன்றத்தின் வழியேதான். இந்த முடிவுகளில் நகர்மன்றத்தின் தீர்மானம் எதையும் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. கடையடைப்பில் கலந்துகொள்ளும் கவுன்சிலர் அதை ஒரு குடிமகனாகத்தான் செய்கிறார்.

4. நிலம். கூடலூர், நெல்லியாளம் பகுதிகளில் இதுவே மற்ற மூன்றையும் விழுங்கும் பிரச்சினை. 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களில் தலைமுறைகளாகக் குடியிருப்போர் பட்டா இல்லாமல் இருக்கிறார்கள். பட்டா இல்லை என்றால் மின் இணைப்பும் வீட்டு அனுமதியும் சிக்கல். தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிகளும் வாக்குறுதி தரும் இந்த விவகாரத்தில் வருவாய்த் துறை, வனத்துறை, நீதிமன்றம் ஆகிய மூன்றுமே முடிவெடுக்க வேண்டியவை. நகராட்சி எல்லைக்குள்ளேயே எஸ்டேட்டுகளும், தொழிலாளர் குடியிருக்கும் பாடிகளும் லயன்களும் இருப்பது இன்னொரு முடிச்சு. நகராட்சிக்கு ஒப்படைக்கப்படாத தனியார் தோட்ட நிலத்தில் பொதுப்பணத்தைச் செலவிட்டுச் சாலை போட முடியாது. வாக்கு மட்டும் அந்த லயன்களிலிருந்து வருகிறது. ஐந்தாண்டும் அங்குள்ள கவுன்சிலரிடம் மக்கள் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: ரோடு எப்போது?

எது உண்மையில் கையில் இருக்கிறது

வேலிகளைச் சொல்லி முடித்தபின், தட்டிக்கழிக்க முடியாதவற்றையும் சொல்ல வேண்டும். குடிநீர் விநியோகம் நகராட்சியின் கடமை. உதகைக்கு முக்கிய ஆதாரம் பார்சன்ஸ் வேலி அணை; குன்னூருக்கு ரேலியா அணையும் எமரால்டு திட்டமும். அணையில் தண்ணீர் இருந்தும் ஒரு தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, உடைந்த குழாய் எத்தனை நாள் உடைந்தே கிடக்கிறது என்பவற்றுக்கு உயர் நீதிமன்றமும் ஹாக்காவும் காரணமல்ல. குப்பையும் அப்படியே. உதகையின் தீட்டுக்கல், குன்னூரின் ஓட்டுப்பட்டறை, கொடைக்கானலின் பிரகாசபுரம் ஆகிய கிடங்குகளில் தரம் பிரிக்காமல் கொட்டுவதா, பிரித்து உரமாக்குவதா என்பது மன்றம் ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளில் எழுதப்படுகிறது. மன்றக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் நூறாவது எண்ணுக்கு மேல் வரும் அந்த வரிகளைப் படிக்கும் உறுப்பினர்கள் சிலரே. ஒரு கவுன்சிலரை மதிப்பிட, அவர் எத்தனை முறை வெளிநடப்புச் செய்தார் என்பதைவிட, எந்த ஒப்பந்தத்தின்மேல் கேள்வி எழுப்பினார் என்பதே நல்ல அளவுகோல்.

மார்க்கெட் வாடகை நடுவில் நிற்கிறது. உதகை நகராட்சி மார்க்கெட்டின் கடைகள் நகராட்சிக்குச் சொந்தமானவை, வருவாயில் பெரும் பங்கு தருபவை. ஆனால் வாடகை நிர்ணயத்தின் விதிகள் மாநில அரசுடையவை. 2021-இல் வாடகை நிலுவைக்காக அங்கே நூற்றுக்கணக்கான கடைகள் பூட்டி முத்திரையிடப்பட்டபோது, தேர்தல் நடக்காததால், பேசித் தீர்க்க வேண்டிய தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே ஊரில் இல்லை. சொத்து வரியிலும் இதே நிலை. 2022 மார்ச்சில் மன்றங்கள் அமைந்தன. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் மாநில அரசு வரி உயர்வை அறிவித்துவிட்டது. குடியிருப்புகளுக்கு, கட்டடப் பரப்பைப் பொறுத்து, 25 முதல் 100 விழுக்காடு வரை. புதிதாகப் பதவியேற்றவர்கள் முதலில் கையுயர்த்த வேண்டி வந்த தீர்மானங்களில் அதுவும் ஒன்று.

மேலே போகும் பாதை

நீலகிரியில் உதகமண்டலம், குன்னூர், கூடலூர் என்று மூன்றே சட்டமன்றத் தொகுதிகள். கூடலூர் பட்டியல் சாதியினருக்கானது. 2022 தேர்தலின்போது இருந்த நான்கு நகராட்சிகளிலும் பதினொரு பேரூராட்சிகளிலும் வளரும் அத்தனை பேருக்கும் இந்த மூன்றுதான் அடுத்த படி. மக்களவைத் தொகுதியோ மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் ஆகிய சமவெளிப் பகுதிகளையும் சேர்த்துக்கொண்டது. கொடைக்கானலின் நிலை இன்னும் கடினம். அது பழனி சட்டமன்றத் தொகுதிக்குள் அடங்குகிறது. மலையடிவாரத்து வாக்குகளே அங்கே எண்ணிக்கையில் மிகுதி. கொடைக்கானல் சேர்மன் ஒருவர் சட்டமன்றம் போக வேண்டுமானால், தம் பெயரை அறியாத சமவெளி ஊர்களில் முதலில் அறிமுகமாக வேண்டும்.

பழைய தலைமுறையில் வேறொரு பாதையும் இருந்தது. குன்னூர் அருகே ஹுப்பதலையைச் சேர்ந்த ஆரி கவுடர், படகர்களில் முதல் பட்டதாரியாக அறியப்படுபவர், சென்னை மாகாண சட்டமன்றத்தில் இடம்பெற்றவர். அவருடைய செல்வாக்குக்கு அடித்தளமிட்டது உருளைக்கிழங்கு விவசாயிகளின் நலனுக்காக 1930-களில் உருவான நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம். விளைபொருளுக்கு விலை வாங்கித் தந்தவர் என்ற பெயர், எந்த வார்டு எல்லைக்கும் கட்டுப்பட்டதாக இருக்கவில்லை. இன்று பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டுப் போராடும் சிறு விவசாயிகளிடையே அத்தகைய இடம் காலியாகவே இருக்கிறது. அதை நிரப்ப நகராட்சிப் பதவி உதவுவதில்லை, ஏனெனில் தேயிலை விலை நகர்மன்றப் பொருள்பட்டியலில் வருவதில்லை.

2027 மார்ச்

அரசியலமைப்பின்படி மன்றத்தின் ஆயுள் முதல் கூட்டத்திலிருந்து ஐந்து ஆண்டு. 2022-இல் அமைந்தவை 2027 மார்ச்சில் முடிகின்றன. அதற்கு முன் வார்டு எல்லை, ஒதுக்கீட்டுப் பட்டியல், தேர்தல் அறிவிக்கை ஆகிய மூன்றும் வரிசையாக வர வேண்டும். ஒன்று பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மை முன்னுதாரணம் உண்டு. 2016 செப்டம்பரில் தேர்தல் அறிவிக்கை வந்தபின், பழங்குடியினருக்கான ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று தொடரப்பட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேற்பட்ட காலம் தனி அலுவலர்களே தீர்மானம் எழுதி, அவர்களே அதை நிறைவேற்றினார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வாழும் மாவட்டத்தில் அந்த ஒதுக்கீட்டுப் பட்டியல் எப்போது, எந்தக் கணக்கெடுப்பின் அடிப்படையில் வெளியாகிறது என்பதைத்தான் இப்போது பதவியில் இருப்பவர்களும் அடுத்து நிற்க நினைப்பவர்களும் முதலில் பார்ப்பார்கள். தம் வார்டு தமக்கே மிஞ்சுமா என்பது அதில்தான் தெரியும்.